உன் வளைவை நாங்கள் மூடிய விதம்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை வணக்கத்துடன் எழுதுவது. உன் இடுப்பும் அதில் புதிதாகப் பொருத்திய மூட்டும் நலமா? இங்கு எல்லோரும் நலம். அந்த நலத்தை இந்தப் பத்திக்கு மேல் என்னால் காப்பாற்ற முடியாது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நீ மகள் வீட்டுக்குக் கிளம்பும்போது மலைப்பாதைச் சங்கத்தில் உன் இடத்தில் என்னை உட்கார வைத்துவிட்டுப் போனாய். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக மண்வெட்டியோடு மலையேறிச் சும்மா பாதை செப்பனிடுகிறவர்களைப் பற்றி எனக்கு இருந்த கருத்து உனக்குத் தெரியும். அது மாறவில்லை. இப்போது அதில் நானும் அடக்கம், அவ்வளவுதான்.

பாதி மலையில் பாதை இரண்டாகப் பிரியும் இடம் இருக்கிறதல்லவா? ஒன்று நீ வெட்டிய வளைவு. ஏறுவதே தெரியாமல் சுற்றிப் போய், நடுவில் உன் கல் இருக்கையைத் தொட்டு மேலே சேரும். மற்றது பொறுமையில்லாதவர்கள் செங்குத்தாக ஏறி ஏறி உண்டாக்கிய குறுக்குவழி. மழை மண்ணை அரித்துக்கொண்டு போவதெல்லாம் அங்கேதான். மழைக்காலத்துக்கு முன் அதை மூடச் சொன்னாய். "சும்மா கட்டையப் போட்டு மறிக்காதீங்கடி, தாண்டிட்டுப் போவாங்க. அங்க ஒரு வழி இருந்ததே தெரியக்கூடாது. கண்ணுக்குத் தெரிஞ்சா கால் போகும்" என்றாய். நீ சொன்னதில் ஒன்றைக்கூட விடாமல் செய்தோம், அக்கா. வழியை மட்டும் மாற்றிவிட்டோம்.

அன்று மூடுபனி. ஊரே நடந்து நடந்து குறுக்குவழி அகலமாக, ராஜபாட்டை மாதிரி கிடந்தது. உன் வளைவு ஒல்லியாக, புல் மூடி, திருட்டுவழி மாதிரி ஒதுங்கி நின்றது. நம் தலைவர், அதுதான் ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர், ஒல்லியைக் கைகாட்டி, "இதுதான் குறுக்குவழி, முழியப் பாத்தாலே தெரியுது" என்றார். யாரும் மறுக்கவில்லை. இத்தனை வருஷமும் உன் முதுகைப் பார்த்தே ஏறியவர்கள் அவர்கள். பாதையை எங்கே பார்த்தார்கள்? எனக்குச் சந்தேகம் வந்தது. எனக்கு எல்லாவற்றிலும் சந்தேகம் வரும் என்பதால் அதை நானே மதிப்பதில்லை. அன்று ஒரு நாள் மதித்திருக்கலாம்.

இரண்டு முனைகளிலும் கண்ணெட்டும் தூரம்வரை மண்ணைக் கொத்தினோம். காய்ந்த கிளைகளைத் தானாக விழுந்த மாதிரி கிடத்தினோம். நம் சங்கத்துப் பல் டாக்டர் பெரணிச் செடிகளை வேரோடு கொண்டுவந்து, பல் கட்டுவதுபோல் இடைவெளி பார்த்து நட்டார். கூடை கூடையாகச் சருகை இறைத்துவிட்டு நிமிர்ந்தபோது அங்கே வெறும் காடுதான் இருந்தது. எங்களுக்கு நாங்களே கைதட்டிக்கொண்டோம். பிறகு மழை வந்து மிச்ச வேலையையும் முடித்துவிட்டது.

மழை விட்டதும், நீ வரப்போகிறாயே என்று உன் இருக்கையைத் துடைத்து வைக்கப் போனோம். மூச்சிரைக்க உச்சிக்கே வந்துவிட்டோம், இருக்கையைக் காணோம்.

"தூக்கிட்டானுங்க!" என்றார் மேனேஜர்.

"சார், அதை நகர்த்தவே யானை வேணும்" என்றேன்.

"காலம் கெட்டுக் கெடக்குதும்மா. எதை விட்டுவைக்கிறானுங்க? போலீஸ்ல சொல்லிடுவோம்."

பல் டாக்டர், சொத்தைப் பல்லைக் காட்டிப் பேசும் அதே குரலில், "சார், இருக்கை இருந்த எடத்துலதான் இருக்கு. நாமதான் வேற வழியில வந்திருக்கோம்" என்றார்.

"அப்ப நாம மூடினது?" என்றார் மேனேஜர்.

"அக்காவோடது."

அன்றிலிருந்து உன் வளைவின் வாசலைத் தேடுகிறோம். "எது நான் நட்டது, எது தானா முளைச்சதுன்னு எனக்கே தெரியலம்மா" என்கிறார் டாக்டர். அதில் வருத்தம் பாதி, பெருமை பாதி. "இவ்ளோ உருப்படியா ஒரு வேலைய நாம செஞ்சதே இல்ல" என்கிறார் மேனேஜர், கண் கலங்க.

செங்குத்தில் உன்னால் ஏற முடியாது. போன தடவை பேசும்போது, "அந்த இருக்கையில போய் உக்காரணும்னுதான்டி இந்தக் கால மடக்கி நீட்டிட்டிருக்கேன்" என்றாய். எனக்கு அப்போதே எல்லாம் தெரியும். "ம்" என்று சொல்லி போனை வைத்தேன். நீ திட்டு, தாங்கிக்கொள்வேன். "பரவாயில்லடி" என்று மட்டும் சொல்லிவிடாதே. டிக்கெட்டை முன்தேதிக்கு மாற்றிக்கொண்டு சீக்கிரம் வா. அந்தப் பிரிவில் நின்று கையை நீட்டிக் காட்டு, போதும். மிச்சத்தை நாங்கள் நகத்தாலாவது தோண்டி எடுக்கிறோம். அதன்பின் நான் சங்கத்திலிருந்து விலகிவிடுகிறேன்.

அத்தானுக்கு வணக்கம். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் அன்பு. உன் புது மூட்டுக்கு என் ஆசீர்வாதம். அது என்னைவிட இளையது.

இப்படிக்கு,
உன் தங்கை

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது டாக்டர் ஓடிவந்து என்னை மலைக்கு இழுத்துப் போனார். உன் வளைவு கிடைத்துவிட்டது. ஆனால் நாங்கள் இறைத்த சருகின் மேலேயே, வாசலை மறித்துக்கொண்டு, கூடே கட்டாமல் தரையில் முட்டையிடும் ஒரு பக்கிக்குருவி அடைகாத்து உட்கார்ந்திருக்கிறது. சருகும் அதுவும் ஒரே நிறம், மிதித்திருப்பேன். பறவை உட்கார்ந்தால் பாதை காத்திருக்க வேண்டும் என்று சட்டம் போட்டது நீதான். அதனால் இப்போது வராதே, குஞ்சு பறக்கட்டும். நானும் விலகவில்லை, அதுவரை யாரும் மிதித்துவிடாமல் பிரிவில் காவல் நிற்க ஆள் வேண்டுமாம். பக்கி அசையவே இல்லை, அக்கா. ஒரு கண்ணை மட்டும் லேசாகத் திறந்து, என்னைச் சங்கத்தில் சேர்த்த அன்று நீ பார்த்த மாதிரியே பார்த்தது.