மாமாவின் கைக்கு அளவெடுத்த துப்பாக்கி

பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரியும் என்று இன்றைக்கும் நம்புகிற ஒரே இடம் அவனுடைய மாமனார் வீடு. அலுவலகத்தில் நம்ப மாட்டார்கள். மனைவி கல்யாணமான முதல் மாதத்திலேயே நம்புவதை நிறுத்தியிருப்பாள். மாமனார் வீட்டில் மட்டும், பெண்ணைக் கொடுத்துவிட்டோமே என்ற காரணத்துக்காகவாவது, கொஞ்ச காலம் நம்புவார்கள். கோவில்பட்டியில் எனக்கு இருந்த அந்த நம்பிக்கையை நான் ஒரு கைத்துப்பாக்கியால் தீர்த்துக்கட்டினேன். (ஒரு தோட்டாகூடச் செலவாகவில்லை.)

அப்போது நான் மதுரையில் ஒரு நாளிதழின் இணைப்பிதழில் உதவி ஆசிரியர். வாரம் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, கொடுக்கிற காசுக்கு எது தரமானது என்று எழுதுவேன். மிக்ஸி, மின்விசிறி, பிரஷர் குக்கர். நான் சிபாரிசு செய்த குக்கரை வாங்கியவர்கள் யாரும் புகார் சொல்லவில்லை. அதனால் உலகத்தில் உள்ள எல்லாப் பொருள்களைப் பற்றியும் எனக்குத் தெரியும் என்ற முடிவுக்கு வந்திருந்தேன். கூடவே, எதையும் கூர்ந்து பார்க்கிற கண் எனக்கு உண்டு என்றும்.

மாமா தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கிறார். எங்கள் பக்கம் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். முன்பெல்லாம் சனிக்கிழமை தோறும் நாகலாபுரம், விளாத்திகுளம் பக்கத்து ஊர்களில் இருந்த யூனிட்டுகளுக்குச் சம்பளப் பணத்தை ஜீப்பில் கொண்டுபோக வேண்டும். வழி நெடுக சீமைக்கருவேலம், நடுவில் ஆள் நடமாட்டமே கிடையாது. அதற்காகத்தான் அவருக்குத் துப்பாக்கி லைசென்ஸ். பிறகு சம்பளம் பேங்க் கணக்குக்குப் போக ஆரம்பித்தது. துப்பாக்கிகளுக்கு வேலை போயிற்று. வேலை போனதும் அவை சேகரிப்பு ஆகிவிட்டன.

சேகரிப்பு என்றதும் கண்ணாடி அலமாரியைக் கற்பனை செய்ய வேண்டாம். நம் நாட்டுச் சட்டப்படி ஒருவர் இரண்டு துப்பாக்கிதான் வைத்துக்கொள்ளலாம். மாமாவிடம் இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று, ரிவால்வர் ஒன்று. புதிதாக ஒன்று உள்ளே வர வேண்டுமானால், இருப்பதில் ஒன்று வெளியே போக வேண்டும். இது எனக்குத் தெரிந்தே இருந்தது. அதுதான் வெட்கக்கேடு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போது மாமா பொதுவாகச் சொன்னார்: "நம்ம இன்ஸ்பெக்டர் பிஸ்டல் ஒண்ணு வாங்கியிருக்காரு. கைக்கு அடக்கமாத்தான் இருக்கு."

இன்ஸ்பெக்டர் என்பவர் அடுத்த தெருக்காரர், ஓய்வு பெற்றவர், மாமாவின் நண்பர். மாமா சொன்னது அவ்வளவுதான். வாங்கப்போகிறேன் என்று சொல்லவில்லை. நான்தான் பாய்ந்தேன்.

"ரிவால்வரெல்லாம் போன காலத்துச் சாமான் மாமா. மாத்திருங்க."

"எனக்கு இது பழகிட்டே மாப்பிள்ளை."

"பழகிட்டுன்னு யாராவது பழைய மிக்ஸியை வச்சுக்கிடுவாங்களா?"

"நான் வச்சிருக்கேன்" என்றார் அத்தை, அடுப்படியிலிருந்து.

நான் அதைக் காதில் வாங்கவில்லை. மறுவாரமே ஆராய்ச்சியில் இறங்கினேன். வெளிநாட்டுச் சரக்குக்கு விலையும் பேசமுடியாது, சட்டமும் இடம் கொடுக்காது. உள்நாட்டுத் தயாரிப்பில் நம்பகமான பிஸ்டல் ஒன்றை வாங்கி, பிடியை மட்டும் நம் கைக்கு ஏற்றபடி செய்துகொள்வதுதான் கொடுத்த காசுக்கு நியாயம் என்று கண்டுபிடித்தேன். ரெடிமேட் சட்டை வாங்கித் தையல்காரரிடம் கொடுத்துக் கையை மட்டும் சரிசெய்துகொள்வது போல. மதுரையில் லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடை நடத்தும் பாய் ஒருவர், இரும்பு வேலைகளைத் தொடாமல், நூக்க மரத்தில் பிடி மட்டும் செய்வித்துத் தருவார். விரல்கள் பதிய பள்ளம், கட்டைவிரல் உட்கார ஒரு சிறு மேடை. முழுக்கச் சொல்லிச் செய்தால் ஆகும் செலவில் கால்வாசிதான்.

கலெக்டர் ஆபீஸ் அனுமதிக்கு மாமா அலைந்தார். ஆலோசனை மட்டும் என்னுடையது.

அனுமதி வந்ததும் பாய் போனில் சொன்னார்: "தம்பி, ஒரு கட்டையைச் சுத்தி மாவையோ களிமண்ணையோ அப்பி, அவங்களை இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்க. அந்தத் தடத்தைக் காயவச்சுக் கொண்டாங்க."

இலவசமாகக் கிடைக்கிற கரிசல் மண்ணையே பயன்படுத்தலாம் என்றேன். "காஞ்சா வெடிக்கும்லா?" என்றார் அத்தை. கரிசல் காட்டில் பிறந்தவனுக்கு அதை ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது. பூரிக்குப் பிசைந்த மாவு கிடைத்தது.

அடுப்படியில் மாமாவை ஸ்டூலில் உட்காரவைத்தேன். "மாமா, கையைக் குடுங்க."

மாமா வலது கையை நீட்டினார்.

அந்த வீட்டில் யாராக இருந்தாலும் வலது கையைத்தான் நீட்டியிருப்பார்கள். அங்கே பணமோ பலகாரமோ பஸ் டிக்கெட்டுக்குச் சில்லறையோ இடது கையால் வாசல் தாண்டியது கிடையாது. குழந்தை இடது கையால் பிஸ்கட்டை நீட்டினால், கீழே வைத்து மறுபடி வலது கையால் எடுத்துக் கொடுக்கச் சொல்வார்கள். இதை நான் வந்த புதிதிலேயே கவனித்திருந்தேன். நல்ல பழக்கம் என்று பாராட்டியும் இருக்கிறேன்.

"ஏங்க, இந்தக் கையையா…" என்று அத்தை ஆரம்பித்தார்.

"அத்தை, ஒரு நிமிஷம். அசைஞ்சா அளவு போயிரும்" என்றேன், அறுவைச் சிகிச்சை செய்கிறவனைப் போல.

மாமா அத்தையைப் பார்த்தார். அத்தை வாயை மூடிக்கொண்டார். அந்த வீட்டில் மாப்பிள்ளை பேசும்போது குறுக்கே பேசுகிற வழக்கமும் கிடையாது.

மாவை ஒப்படைத்தபோது பாய் தெளிவாகவே கேட்டார். "வலது கைதானே தம்பி? இடது கைக்காரங்கன்னா கட்டைவிரல் மேடை அந்தப் பக்கம் வரும்."

"வலதுதான் பாய். மூணு வருஷமா பக்கத்துல உக்காந்து சாப்பிடுதேன். எனக்குத் தெரியாதா?"

(சாப்பிடுவது எல்லோரும் வலது கையால்தான். இந்த ஆதாரத்தை வைத்து நான் நாட்டில் யாரை வேண்டுமானாலும் வலது கைக்காரர் என்று நிரூபித்திருக்க முடியும்.)

பிஸ்டல் தயாரானதும் மாமாவும் நானும் கடைக்குப் போனோம். பாய் கறுப்பு வெல்வெட் துணியில் அதை வைத்து நீட்டினார். மாமா வலது கையால் வாங்கினார். விரல்கள் ஒவ்வொன்றும் அதனதன் பள்ளத்தில் போய் உட்கார்ந்தன. கட்டைவிரல் மேடையில் ஏறிக்கொண்டது. "பாத்தீங்களா?" என்றேன் பாயிடம், பிடியை நானே செதுக்கியதைப் போல.

மாமா பிஸ்டலை ஒரு கணம் இடது கைக்கு மாற்றினார். மறுபடி வலது கைக்கே கொண்டுவந்தார். எடை பார்க்கிறார் என்று நினைத்தேன். கூர்ந்து பார்க்கிற கண் அல்லவா.

"அப்ப பழசைக் கடை பேருக்கு எழுதிரலாமா?" என்றார் பாய்.

மாமா ரிவால்வரை உறையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். அதில் தூசி எதுவும் இல்லை. இருந்தும் தோள் துண்டால் ஒருமுறை துடைத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அப்போது என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். என் பெயர் முதன்முதலாக அச்சில் வந்த அன்று எடுத்த போட்டோ ஒன்று வீட்டில் இருக்கிறது.

"எழுதிருங்க பாய்" என்றார் மாமா.

அடுத்து வந்தது ஆயுத பூஜை. தீப்பெட்டி ஆபீசில் மெஷின்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்து, வேலை பார்க்கிற பெண்கள் புதுச்சேலை கட்டி வந்திருந்தார்கள். மேஜையில் வாழை இலை விரித்து சேகரிப்பு முழுவதும் (இரண்டும்) வைக்கப்பட்டிருந்தது. குண்டு இல்லை என்பதை இன்ஸ்பெக்டரே திறந்து பார்த்து உறுதி செய்தார். கற்பூரம் காட்டி முடித்ததும், வந்திருந்த மற்ற முதலாளிகளுக்கு நான் பிடியின் சிறப்பை விளக்கிக்கொண்டிருந்தேன். உரக்க.

இன்ஸ்பெக்டர் செல்போனைத் தூக்கிப் பிடித்தார். "அண்ணாச்சி, எடுத்துக் கையில பிடிச்சு நில்லுங்க. ஒரு போட்டோ."

மாமா யோசிக்காமல் எடுத்தார். இடது கையால்.

மேடை உள்ளங்கையில் குத்தியது. விரல்களுக்குப் பள்ளம் இருந்த இடத்தில் கட்டைவிரல் வழுக்கியது. இன்னொருமுறை திருப்பிப் பிடித்துப் பார்த்தார். உயிரோடு இருக்கும் கெளுத்தி மீனைப் பிடித்தவரைப் போல நின்றார். அதற்குள் இன்ஸ்பெக்டர் போட்டோ எடுத்துவிட்டார். எடுத்த பிறகுதான் கவனித்தார்.

"என்ன அண்ணாச்சி இது? வலது கைக்காரனுக்குச் செஞ்சதை வாங்கியிருக்கீங்க! நீங்க பீச்சாங்கைக்காரருல்லா? போட்டியில அந்தக் கையால சுட்டுத்தான கப்பு வாங்குனீங்க?"

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி அடங்கியது. கப்பு எனக்குத் தெரியும். மாமா வீட்டு முன்னறையில் இருக்கிறது. ஒவ்வொரு முறை போகும்போதும் அதன்மேல்தான் நான் ஹெல்மெட்டைக் கவிழ்த்து வைப்பேன். எதற்காகக் கொடுத்த கப்பு என்று ஒருநாளும் கேட்டதில்லை.

மாமா பிஸ்டலை மெதுவாக வலது கைக்கு மாற்றினார். "மாப்பிள்ளை சரியாத்தான் செஞ்சிருக்காக. வலது கையும் பழகட்டும்னு நாந்தான் சொன்னேன்" என்றார்.

யாரும் நம்பவில்லை. நம்பியது போல் எல்லோரும் பொரி தின்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை வெடித்தார். "அன்னைக்கே சொல்ல வந்தேன். அசையாதீங்கன்னு சொல்லிட்டீக. கேரம் ஆடுதது, நாய வெரட்டக் கல்லெறியுதது, எல்லாம் அவியளுக்கு அந்தக் கைதான்."

என் மனைவி செல்வி என்னையே பார்த்தாள். "எங்கப்பா எந்தக் கைன்னுகூடத் தெரியாமலா மூணு வருஷம் வந்து போனீங்க?"

நான் மாமா பக்கம் திரும்பினேன். "நீங்களாவது சொல்லியிருக்கலாமே மாமா?"

"வலது கையில அளவெடுத்து இடதுக்குத் திருப்பிக்கிடுவாகன்னு நெனச்சேன் மாப்பிள்ளை. உங்களுக்குத் தெரியாததா?"

"சரி, கடையில பார்த்தப்போ தெரிஞ்சிருக்குமே? ரிவால்வரை எழுதுறதுக்கு முன்னால?"

மாமா செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார். "பாய் முன்னால வச்சு உங்களை எப்படி…" என்று ஆரம்பித்து, முடிக்காமல், எழுந்து உள்ளே போய்விட்டார்.

அவர் திட்டியிருந்தால் நான் கோபித்துக்கொண்டு மதுரைக்கு பஸ் ஏறியிருப்பேன். மாமனார் வீட்டில் மாப்பிள்ளைக்குள்ள உரிமை அது. அந்த உரிமையும் போயிற்று.

மறுநாள் பாய்க்குப் போன் செய்தேன். ரிவால்வர் போய்விட்டதாம். யாரோ ஒரு எஸ்டேட்காரர், முறைப்படி எழுதி வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். "நல்ல பீஸு தம்பி, ரெண்டு கைக்கும் சேரும். அதுல எந்தப் பக்கமும் மேடை கீடைன்னு ஒண்ணும் கிடையாதே" என்றார். பிஸ்டலைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று கேட்டேன். "வாங்குறதுக்கு அப்படியே அவங்க வலது கை மாதிரி கை உள்ள ஆள் இருந்தா சொல்லுங்க" என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை. எனக்குத்தான் அப்படிக் கேட்டது.

கடைசியில் பழைய சாதாரணப் பிடியையே திரும்பப் போட்டார்கள். ஆனால் தவறிச் சுடாமல் பூட்டுகிற விசை இடப்பக்கத்தில், வலது கட்டைவிரலுக்கு எட்டும்படிதான் இருக்கிறது. மாமா இன்றுவரை அதைக் கொண்டு ஒருமுறைகூடச் சுடவில்லை. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைப்பார். முடிந்ததும் வாங்கி வருவார். அதற்கு அவ்வளவுதான் பயணம். நூக்க மரப்பிடியை அத்தை ஓர் ஆசாரியிடம் கொடுத்துத் தோசைத் திருப்பிக்குக் கைப்பிடியாக மாட்டிவிட்டார். அத்தை வலது கைக்காரர். நான் போகிற ஒவ்வொரு முறையும் தோசை சுட்டுப் போடுகிறார். மாப்பிள்ளை செஞ்சு குடுத்தது, நல்லா பிடிபடுது என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறாராம்.

போன மாதம் விளாத்திகுளத்தில் ஒரு கல்யாணத்துக்கு மாமாவோடு காரில் போனேன். நான் ஓட்டினேன். அவர் பக்கத்தில். பழைய சம்பள வழி அது. சீமைக்கருவேலம் அடர்ந்து ரோட்டை நெருக்கும் இடத்தில், எதிரே ஒரு பைக் சட்டென்று குறுக்கே திரும்பியது. பிரேக் போட்டேன்.

மாமாவின் இடது கை இடுப்புக்குப் போயிற்று. வேட்டி மடிப்பின் ஓரத்தில், முன்பு ரிவால்வர் உறை இருந்த இடத்தைத் தொட்டது. அங்கே ஒன்றும் இல்லை. வேட்டியை இறுக்கிக்கொள்வதுபோல் ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, கை மடிக்குத் திரும்பியது. முன்பும் இப்படி எத்தனையோ முறை போயிருக்கும். நானும் பக்கத்தில் இருந்திருப்பேன்.

பைக் போன பிறகும் நான் வண்டியை எடுக்கவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமா ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்: "என்ன மாப்பிள்ளை, அளவு எடுக்கீங்களா?"