பூட்டுக்காரர் ஒத்திவைப்பு வேண்டிப் பொருத படலம்

எப்பூட்டும் எதிர்நில்லாத் திறலோர், வளைந்த கம்பி ஒன்றையே வேலாகவும் வாளாகவும் ஏந்தியவர், இரும்புப் பெட்டிகளின் இறுமாப்பை அடக்கியவர், சாவி தொலைத்தோரின் கண்ணீர் துடைத்தவர், நான்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் வீற்றிருக்கும் பூட்டுக்காரர் வாழ்க. எத்தனையோ கதவுகளைத் திறந்த அம்மாவீரர், தாழே போடாத ஒரு கதவைத் தாண்ட முடியாமல் தவித்த வரலாற்றை நாம் பாடப் புகுகின்றோம். நாவே, துணை நில்.

களம், தரைத்தளத்து அறை. காற்றிழந்த சைக்கிள்களும் காய்ந்துபோன பெயின்ட் வாளிகளும் அடைக்கலம் புகுந்த அவ்வறையில், பிளாஸ்டிக் நாற்காலிகளே சிங்காதனங்களாகக் குடியிருப்போர் சங்கத்தின் மாதாந்தரப் பேரவை கூடியிருந்தது. படிக்கட்டு விளக்கு விடியவிடிய எரிவதா, ஆள் ஏறிப்போனதும் அணைவதா என்பதே அன்றைய வழக்கு. எரிந்தே தீரவேண்டும் என்று முதல்மாடி டீச்சரம்மா ஒருபுறமும், அணைந்தே ஆகவேண்டும் என்று இரண்டாம்மாடிப் பல் டாக்டர் மறுபுறமும் அணிவகுத்து, சொல்லம்புகளைச் சரமாரியாகப் பொழிய, நடுவே அமர்ந்திருந்தோர் கேடயமின்றிக் கொட்டாவி விட்டனர்.

பூட்டுக்காரருக்கோ விளக்கு எரிந்தாலும் ஒன்றுதான், அணைந்தாலும் ஒன்றுதான். அவருடைய ஒரே மகள் முதல் வேலையில் சேர அன்று மாலைப் பேருந்தில் வெளியூர் புறப்படுகிறாள். "அவ்வளவு தூரம் போய்த்தான் சம்பாதிக்கணுமா?" என்று காலையில் சிடுசிடுத்தவர், அதன்பின் அவளிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை. சொன்ன சொல் இப்போது அவர் நெஞ்சிலேயே குத்திக்கொண்டிருந்தது. அவள் பஸ் ஏறுமுன் நல்லதாக நாலு வார்த்தை பேசிவிட வேண்டும். பேசாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

எழுந்து போகவேண்டியதுதானே என்பீர். அங்கேதான் இருக்கிறது வில்லங்கம். சங்கத் தலைவர், நீதிமன்றத்தில் எழுத்தராகவே இருந்து தலைநரைத்தவர். 'அட்ஜர்ன்' என்னும் திருச்சொல் நீதிபதிகளின் வாயிலிருந்து உதிர்வதை நாள்தோறும் காதாரக் கேட்டும், ஒருநாளேனும் தம் வாயால் சொல்லக் கொடுத்துவைக்காதவர். ஓய்வுபெற்றுத் தலைவரான பிறகுதான் அந்தப் பாக்கியம் கிட்டியது. அவர் அதை மொழியும்வரை நாற்காலியை விட்டு எவரும் எழலாகாது; எழுந்தால் 'வெளிநடப்பு' என்று குறித்துவிடுவார். முன்பொருகால் அடுப்பில் வைத்த பாலை நினைத்து ஓடிய நான்காம்மாடிக்காரரை, இன்றுவரை அந்தக் கட்டடமே 'எதிர்க்கட்சித் தலைவர்' என்றுதான் அழைக்கிறது.

ஆயினும் எழுந்தார் நம் வீரர். சாவிக்கொத்து போர்முரசென ஒலிக்க, அவை அதிர முழங்கினார்: "தலைவரே, என் பொண்ணு ஊருக்குக் கெளம்புறா. கூட்டத்த அட்ஜர்ன் பண்ணிடுங்க."

தலைவரின் திருமுகம் அன்றலர்ந்த தாமரையாயிற்று. உயிரினும் இனிய அச்சொல்லைப் பிறர் வாயிலிருந்தும் கேட்ட பூரிப்பில், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மீண்டும் அணிந்து, பிரகடனம் செய்தார்: "அட்ஜர்ன்னா முடிக்கிறதுன்னு நெனைச்சுக்காதீங்க. பாதியில நிறுத்தி வெச்சு, இன்னொரு நாள் விட்ட எடத்துலேருந்து ஆரம்பிக்கிறது. எந்த நாள்னு முடிவாகாம நான் வாயத் தொறக்க மாட்டேன்."

"சட்டசபையில தேதி சொல்லாமலே ஒத்திவைக்கிறாங்களே?" என்று வினவினார் எதிர்க்கட்சித் தலைவர்.

"அவங்க நாட்டப் பாத்துக்கிறவங்க. நமக்குப் படிக்கட்டு வெளக்கு," என்று அவரை ஒரே வெட்டில் வீழ்த்தினார் தலைவர்.

உடனே மூண்டது நாள்குறிக்கும் பெரும்போர். விளக்குப் போர் அதன்முன் வெறும் விளையாட்டு. திங்கள் களம்புகுந்தது, டீச்சரம்மாவின் திருத்தாத விடைத்தாள்கள் அதை வீழ்த்தின. செவ்வாய் எழுந்தது, டாக்டரிடம் பல்பிடுங்க வருவோர் அதைச் சாய்த்தனர். புதன், தலைவரின் சொந்த முழங்கால் வலியால் மாண்டது. இவ்வாறு கிழமைகள் யாவும் வரிசையாய் மடிந்துகொண்டிருந்த வேளையில், படிக்கட்டில் தடதடவென்று ஓர் ஓசை. சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு மகள் இறங்கி வந்தாள். கதவோரம் ஒருகணம் நின்று, தந்தையைப் பார்த்து, 'நான் போறேன்' என்று கையால் காட்டிவிட்டுத் தெருவில் இறங்கினாள்.

அதைக் கண்ட நம் வீரர் சினந்தார். சினந்தவர் ஞானம் பெற்றார். "எல்லாரும் படுக்கிற வரைக்கும் வெளக்கு எரியட்டும். அப்புறம் அணையட்டும். போதுமா?"

அவை திகைத்தது. டீச்சரம்மாவுக்குத் தொண்டை வறண்டிருந்தது, டாக்டருக்குப் பசி. "சரி, அப்படியே இருக்கட்டும்," என்றனர் இருவரும், ஏதோ தாங்களே முதலில் சொன்னதுபோல. வெற்றித் திருமகள் மாலையும் கையுமாக நம் வீரரை நெருங்கினாள். அவரும் பாதி எழுந்துவிட்டார்.

"உக்காருங்க," என்றது தலைவரின் தளர்ந்த குரல். உதடுவரை வந்திருந்த சொல்லை விழுங்கிய துயரம் அதில் இருந்தது. "விஷயம்தான் முடிஞ்சுபோச்சே. இனி ஒத்திவைக்க என்ன இருக்கு? அட்ஜர்ன் பண்ண முடியாது. முறைப்படி முடிக்கணும். நன்றியுரை, நம்ம பூட்டுக்காரர்."

பூவுலகம் தோன்றிய நாள்முதல் நிகழ்ந்த நன்றியுரைகளுள் ஆகக் குறுகியது அன்று நிகழ்ந்தது. 'எல்லாருக்கும்' என்பது நாற்காலியருகிலும், 'நன்றி' என்பது வாசலுக்கு வெளியிலும் ஒலித்தன. வலக்கால் செருப்பு இடக்காலிலும், யாரோ ஒருவருடையது வலக்காலிலுமாக, தெருநாய்கள் ஒதுங்கி வழிவிட, காய்கறி வண்டிகளைக் கடந்து, வேட்டி காற்றில் வெற்றிக்கொடியாய்ப் பறக்க ஓடினார் அப்பெருவீரர்.

நிறுத்தத்தில் மகள் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். "பஸ் லேட்டாம்ப்பா. எதுக்கு இப்படி மூச்சிரைக்க ஓடி வர்றீங்க?"

வழியெல்லாம் கோத்துவைத்த நாலு வார்த்தைகளில் மூன்று எங்கோ விழுந்துவிட்டிருந்தன. "காலையில பேசினோமே, அது…" என்று தடுமாறினார்.

"அது அப்பவே முடிஞ்சுபோச்சுப்பா," என்றாள் அவள்.

பஸ் வர நேரம் இருந்ததால் இரண்டு பேரும் டீ குடித்தார்கள்.