புடவை விற்றால் பாட்டு போச்சு

பினாங்கில் பாடகர்களுக்குப் பஞ்சமில்லை. மழையில் நனைந்தால் குரல் கெடும் பாடகர் உண்டு. ஐஸ் கச்சாங் சாப்பிட்டால் குரல் கெடும் பாடகர் உண்டு. மனைவியின் புடவை வியாபாரம் சூடு பிடித்தால் குரல் கெட்டுப்போகும் பாடகர், இந்த உலகத்திலேயே, எங்கள் அலமாரி அண்ணன் ஒருவர்தான். நான் பார்த்த உலகம் ஜெலுத்தோங்கில் தொடங்கி பட்டர்வொர்த்தில் முடிந்துவிடும் என்பது வேறு விஷயம்.

அவரும் நானும் ஒரே அடுக்குமாடி பிளாட்டில், ஒரே மாடி. ஒரே கல்யாணக் கச்சேரிக் குழுவிலும் இருந்தோம். அவர் கீபோர்டு. நான் ரிதம் பேட். என் தாளத்துக்கு ஆடிய மாப்பிள்ளை ஒருவர் கால் சுளுக்கி மண்டபத்திலிருந்து நேராகக் கிளினிக்குக்குப் போனார். அதனால் இசையைப் பற்றி நான் பேசுவதைக் கொஞ்சம் தள்ளி நின்றே கேளுங்கள்.

அண்ணனுக்குச் சொந்தமாகப் பாட்டு எழுதும் வியாதி இருந்தது. அதைவிடப் பெரிய வியாதி, அவர் குரல். பஞ்சை ஊதினால் என்ன சத்தம் வரும்? அதில் பாதி. ஒரு கல்யாண விருந்தில் குழுத் தலைவர் மாஸ்டரைக் கெஞ்சி, தான் எழுதிய பாட்டை ஒரு முறை பாடினார். அப்போதுதான் மேஜைகளுக்கு ஆட்டிறைச்சி வந்தது. மைக்கில் கேட்டதெல்லாம் கரண்டிச் சத்தம்.

“என்னாப்பா இது? பாட்டா, இல்ல பொண்ணு வீட்டு ரகசியமா?” என்றார் மாஸ்டர். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். தாளத்தோடு சிரித்தது அன்றைக்கு மட்டும்தான்.

அண்ணன் கீபோர்டை மூட்டை கட்டினார். “தனியாப் போறேன் தம்பி.”

“எங்கண்ணே?”

“வீட்டுக்குத்தான்லா. சொந்தமா ரெக்கார்டு பண்ணப் போறேன். தீபாவளிக்குள்ள இந்த ஒரு பாட்டை முடிக்கிறேன். முடியலேன்னா, சத்தியமா, மாஸ்டர் பின்னாலயே போய் நின்னு ஆயுசுக்கும் அடுத்தவன் பாட்டை வாசிக்கிறேன்.”

வீட்டுக்கு வந்தபின்தான் தெரிந்தது, வீடும் கல்யாண மண்டபம்தான் என்று. அண்ணனுக்குத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட்; பாட முடிவது பகலில். பகலில் எங்கள் பிளாட்டில் ரொட்டிக்காரர் ஹாரன் அடிப்பார். கீழ்மாடிச் சீன ஆன்ட்டி வீட்டில் மாஜோங் ஆட்டக் கட்டைகள் ஆலங்கட்டி மழையாகக் கொட்டும். அண்ணன் குளியலறையில் பாடிப் பார்த்தார், ஊருக்கே எதிரொலித்தது. சமையலறையில் பாடினார், குக்கர் எதிர்ப்பாட்டுப் பாடியது.

ஒருநாள் சட்டையைத் தேடி, மனைவி மலர் அக்காவின் அலமாரிக்குள் தலையை விட்டவர் தும்மினார். அப்படியே நின்றுவிட்டார். மறுபடியும், வேண்டுமென்றே தும்மினார். பிறகு வாசல் கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி! ஓடியா! நீயும் ஒரு தும்மல் போடு!”

போட்டேன். வெண்ணெயில் கத்தி இறங்குவது போன்ற தும்மல். எக்கோ இல்லை, ஹாரன் இல்லை, மாஜோங் இல்லை. காரணம், மலர் அக்கா போனில் லைவ் போட்டுப் புடவை விற்பவர். தீபாவளிக்கு வந்த சரக்கு முழுவதும் அந்த அலமாரியில் நெருக்கியடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அத்தனை துணியும் சத்தத்தை விழுங்கிவிட்டது.

அன்றிலிருந்து அவர் அலமாரி அண்ணன். மைக்கைப் பிடித்துக்கொண்டு புடவைகளுக்கு நடுவே நுழைந்து, கதவைச் சாத்திக்கொள்வார். வெளியே லேப்டாப்பில் பட்டனை அழுத்த நான்.

“தனியாப் போனவருக்கு நான் எதுக்குண்ணே?”

“பட்டனுக்கு. தாளம் கீளம் போட்டுறாதே, கும்பிடுறேன்.”

அலமாரிக்குள்ளிருந்து வந்த அந்தக் குரலைக் கேட்டபோதுதான் என் கேலி நின்றது. மண்டபத்தில் காணாமல் போன அதே குரல், ஹெட்போனில் காதோரம் வந்து உட்கார்ந்தது. பாட்டு, மலர் அக்காவைப் பற்றியது. கல்யாணத்துக்கு முன் அக்கா பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரியில் வருவாராம். இவர் இக்கரைப் படகுத்துறையில் காத்திருப்பாராம். பல்லவியில் ஃபெர்ரி கிளம்பும். முதல் சரணத்தில் நடுக்கடல். கடைசிச் சரணத்தில் அக்கா இறங்கி வரவேண்டும்.

அந்தச் சரணம் பதிவாவதற்குள் வியாபாரம் சூடு பிடித்துக்கொண்டது.

புடவை குறையக் குறைய அலமாரி பேச ஆரம்பித்தது. அண்ணன் ஒவ்வொரு புடவையையும் காதால் அறிந்தவர். “காட்டன் நாலு போச்சு, அடிக்குரல் முழங்குது பாரு. ஷிபான் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். அந்தப் பச்சைப் பட்டு மட்டும் போயிடக் கூடாதுலா. அதுதான் என் வலது காதுப் பக்கம்.”

மறுநாள் அக்கா லைவில் பச்சைப் பட்டை விரித்துக் காட்டியதுதான் தாமதம், அலமாரிக்குள்ளிருந்து ஒரு குரல்: “ஐயோ, அந்தப் பச்சை வேணாம்! சாயம் போகும்!”

அக்கா அசரவில்லை. “கேட்டீங்களாக்கா? வீட்டுக்காரருக்கே குடுக்க மனசில்ல. அவ்ளோ அழகு!”

பச்சைக்கு அடிதடி. கடைசியில் வாங்கியது யார் தெரியுமா? என் மனைவி. ஒரு வாரம் அண்ணன் என் முகத்தைப் பார்க்காமலே என்னோடு பேசினார்.

தீபாவளி நெருங்கியபோது அலமாரியில் ஹேங்கர்கள் மட்டும் மிச்சம். அண்ணன் உள்ளே நின்று ஒரு வரி பாடினார். தகர டப்பாவுக்குள் தவளை. எத்தனையோ முறை பாடினார். அக்கா ஃபெர்ரியை விட்டு இறங்கவேயில்லை.

வெளியே வந்து கட்டிலில் உட்கார்ந்தார். “மாஸ்டருக்குப் போன் போடு தம்பி. கீபோர்டுக்கு ஆள் வேணுமான்னு கேளு.”

நான் போனை எடுத்து, தெரிந்த நம்பரையே தேடிக்கொண்டிருந்தேன்.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மலர் அக்கா உள்ளே வந்தார். முடியை ஒதுக்கிக்கொண்டு, போனை ஸ்டாண்டில் மாட்டினார். விற்க ஒரு புடவை இல்லாமல் லைவ் போட்டார்.

“அக்காமாரே, தங்கச்சிமாரே, இன்னைக்கு விக்க வரல, கேக்க வந்தேன். எங்கிட்ட வாங்கின புடவையை நாளைக்கு மத்தியானம் மட்டும் கொண்டாந்து குடுங்க. எங்க வீட்டுக்காரரு பாடணும். அவ்ளோதான்லா.”

கொடுத்த புடவையைத் திரும்பக் கேட்கும் கடையை யாராவது மதிப்பார்களா? மறுநாள் லிஃப்டில் இடமில்லை. மடிப்புக் கலையாதது வந்தது. சாம்பிராணி மணத்தோடு வந்தது. சாம்பார்க் கறையோடு ஒன்று வந்தது. “கறைதான் நல்லாச் சத்தத்தைப் பிடிக்கும்,” என்று அண்ணன் அதை முன்வரிசையில் மாட்டினார். கீழ்மாடி ஆன்ட்டி ஒரு மெத்தைப் போர்வையைச் சுமந்து வந்து, “பிஞ்சாம் சாஜா லா,” என்றார் மலாயில். இரவல்தானாம், உனக்கே என்று வைத்துக்கொள்ளாதே என்று அர்த்தம். அன்றைக்கு மாஜோங் இல்லை. என் மனைவி பச்சைப் பட்டோடு வந்து, அவளே வலது பக்கம் மாட்டினாள்.

அண்ணன் உள்ளே போனார். நடைவாசல் முழுக்கப் பெண்கள், மூச்சை அடக்கிக்கொண்டு. நான் பட்டனை அழுத்தினேன்.

ஹெட்போனை மலர் அக்காவுக்குக் கொடுத்துவிட்டேன். அதனால் அந்தச் சரணம் எப்படி வந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது. அக்கா கண்ணைத் துடைக்கவும் மறந்து, சிரித்துக்கொண்டே நின்றதைப் பார்த்தேன். ஃபெர்ரியிலிருந்து இறங்கிவிட்டார் என்று புரிந்தது.

பாட்டு உலகத்தைப் புரட்டிவிடவில்லை. ஆனால் தீபாவளியன்று எங்கள் மாடியில் வீட்டுக்கு வீடு ஒலித்தது. எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டு, போனுக்குப் பக்கத்தில் குனிந்து கேட்டார்கள். மாஸ்டருக்கு நான் போன் போடவேயில்லை. அண்ணன் இப்போது இரண்டாவது பாட்டோடு, அடுத்த சரக்குக்காகக் காத்திருக்கிறார்.

பச்சைப் பட்டு இப்போது எங்கள் வீட்டு அலமாரியில் தொங்குகிறது. சட்டை எடுக்கும்போதெல்லாம் கதவை மெதுவாகத்தான் திறக்கிறேன். உள்ளே யாராவது பாடிக்கொண்டிருக்கலாம்.