செவலை இருந்த விரதம்

எறும்பு வரிசையாகப் போனால் உங்களுக்கும் எனக்கும் அது எறும்பு. மிஞ்சிப் போனால் சர்க்கரை டப்பாவை எடுத்து உயரத்தில் வைப்போம். ஆனால் நம் நடுவே ஓர் இனம் நடமாடுகிறது. அந்த எறும்பு எங்கே போகிறது, ஏன் போகிறது, போகும்போது அதன் மனதில் என்ன ஓடுகிறது என்பதெல்லாம் அந்த இனத்துக்கு அத்துபடி. தெருவுக்கு ஒருவராவது இருப்பார். இவர்களைக் காரணஸ்தர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலையின் காரணஸ்தர் சகாதேவன். வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் தபால்களுக்கு நம்பர் போட்டு அனுப்பும் குமாஸ்தா. காலை பஸ்ஸுக்கு அரை மணி நேரம் முன்னதாகவே ஜானி பாஷாவின் டீக்கடைக்கு வந்துவிடுவார். அந்த அரை மணியில், பாம்பு ஏன் சட்டை உரிக்கிறது, மயில் ஏன் தோகையை உதிர்க்கிறது, பாதையோரத்துக் குரங்குக்கு வயது ஏற ஏற ஏன் முகம் சிவக்கிறது, நேற்றுவரை ஆட்டின் பின்னாலேயே ஓடிய குட்டி இன்று ஏன் அதையே முட்டுகிறது என்று, ஒரு கிளாஸ் டீ ஆறுவதற்குள் உலகத்து ஜீவராசிகள் அத்தனைக்கும் தீர்ப்பு எழுதி முடித்திருப்பார். யாராவது கேட்டார்களா? கேட்க வேண்டுமா என்ன?

தலைப்பிரட்டைக்கு வால் ஏன் மறைகிறது தெரியுமா? கரையேறினால் பிள்ளைகள் பிடித்து இழுப்பார்கள் என்று அதற்குத் தெரியுமாம். நாய் படுப்பதற்கு முன் ஏன் மூன்று சுற்றுச் சுற்றுகிறது? மலை சுற்றும் ஊரில் பிறந்த பழக்கமாம்.

"வேலூர் நாயும் சுத்துதே சார்?" என்றார் ஜானி பாஷா.

"அதுக்குப் பூர்வீகம் எங்கேன்னு விசாரிச்சீங்களா பாய்?"

பாஷா பாலை ஆற்றப் போனார். யார் போய் விசாரிப்பது?

இதிலெல்லாம் யாருக்கும் நஷ்டமில்லை. தலைப்பிரட்டை கோபித்துக்கொள்ளாது. தொண்ணூற்றெட்டில் ஒரு பௌர்ணமியன்று காலை சரசு டீக்கடைக்குப் பால் கொண்டுவரும் வரை அப்படித்தான் இருந்தது.

சரசுவுக்குப் புருஷன் இல்லை. இரண்டு பெண் பிள்ளைகள், ஒரு மாடு. குடும்பத்தை நடத்தியது அந்தச் செவலை மாடுதான். அன்று பால் அரைச் சொம்புகூட இல்லை.

"சார், நேத்திலிருந்து செவலை வாயே வைக்கல சார். அசையும் போடல. மாட்டு டாக்டரம்மாவைக் கூட்டியாரட்டுமா?"

சகாதேவன் உடனே அவள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மாட்டை ஒரு பார்வை பார்த்தார்.

"இன்னிக்கு இன்னா நாளு?"

"பௌர்ணமி சார்."

"எந்தப் பக்கம் பாத்துகினு நிக்குது?"

"மலைப் பக்கம்."

"அப்புறம் இன்னா? விரதம், சரசு."

அந்த ஊரில் மலையைப் பார்க்காமல் நிற்பதுதான் கஷ்டம். அது சரசுவுக்குத் தோன்றவில்லை. "கண்ணு பாதி மூடிக்கிச்சே சார்" என்றாள். தியானம் என்றார். "முனகுதே?" என்றாள். "இன்னா மந்திரம்னு என் வாயால சொல்லணுமா? நீயே புரிஞ்சுக்கோ" என்றார். படித்தவர் சொல்கிறார். டாக்டரைக் கூப்பிடக் கிளம்பிய சரசு விளக்கேற்றினாள்.

பௌர்ணமி நாளில் இப்படி ஒரு சேதி கிரிவலப் பாதையில் எவ்வளவு வேகமாகப் பரவும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பத்து மணிக்குள் செவலையின் நெற்றியில் குங்குமம், கழுத்தில் இரண்டு மாலை. கீழ்பென்னாத்தூரிலிருந்து வேனில் வந்த அம்மாள் கொம்பில் மஞ்சள் கயிறு கட்டினாள். வாழைப்பழமும் சர்க்கரைப் பொங்கலும் பிளாஸ்டிக் பையோடு காலடியில் குவிந்தன. சகாதேவன் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, வந்தவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். பெருமையில் ஆளே இரண்டு அங்குலம் உயர்ந்திருந்தார்.

மதியம் பாஷா வந்து மாட்டைப் பின்பக்கமாகப் பார்த்தார்.

"சார், இடது பக்கம் இன்னா இப்படித் தூக்கிகினு இருக்கு?"

"பக்தியில மூச்சை அடக்கியிருக்கு பாய்."

சொல்லிவிட்டாரே தவிர, அந்த வீக்கம் அவருக்குப் புதிதல்ல. பதினோரு மணிக்கே அதைப் பார்த்திருந்தார். மாலையைச் சரிசெய்வதுபோல அந்த விலாவில் விரலால் தட்டியும் பார்த்தார். காலிப் பானைபோல் ஒலித்தது. மனுஷனுக்குப் பயமாக இருந்தது. எதிரே நாற்பது பேர் கைகூப்பி நிற்கிறார்கள். 'எனக்குத் தெரியலை' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லிப் பாருங்கள், அரை நொடி. சகாதேவனுக்கு இரண்டு மணி நேரம் ஆகியும் முடியவில்லை.

அப்போது செவலையின் முன்னங்கால்கள் மடங்கின. தலை தரையைத் தொட்டது.

"நமஸ்காரம் பண்ணுதும்மா!" என்று ஒரு குரல். "அண்ணாமலைக்கு அரோகரா!" என்றது கூட்டம். சரசு கன்னத்தில் போட்டுக்கொண்டே அழுதாள். எல்லா முகங்களும் விளக்கத்துக்காகச் சகாதேவனைப் பார்த்தன.

"சரசு, நான் சொன்னது தப்பு. அது சாவுது" என்றார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "பாய், வண்டியை எடுங்க" என்று ஓடினார்.

பாஷாவின் டிவிஎஸ் ஃபிப்டி டாக்டரம்மாவை முன்னால் விட்டு அவள் ஸ்கூட்டரைத் துரத்திக்கொண்டு திரும்பியது. டாக்டரம்மா முதலில் ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றினாள். பிறகு விலாவை மரக்கவைத்துக் கீறி, முழங்கை வரை கையை விட்டு வெளியே எடுத்தாள். சாம்பார் சாதம் கட்டிய பை, தண்ணீர் பாக்கெட், கற்பூர உறை, ஒரு ரப்பர் செருப்பின் வார். போன பௌர்ணமிகளில் நாம் வீசிவிட்டுப் போனவை ஒரு அன்னக்கூடை நிறைய வந்தன.

"இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா அவ்வளவுதான். காலையிலேயே ஏம்மா கூப்பிடல?"

சரசு சகாதேவனை ஒரு தரம் பார்த்தாள். "தெரியலிங்க டாக்டரம்மா" என்றாள்.

அவள் திட்டியிருந்தால் அவருக்குத் தேவலாம். பதில் சொல்லிச் சமாளித்திருப்பார். அவர் தலையைக் குனிந்துகொண்டு கூடையைத் தானே தூக்கிப் போய் ஊருக்கு வெளியே குழி வெட்டிப் புதைத்தார்.

செவலை பிழைத்துக்கொண்டது. தையல் ஆறி ஒரு மாதம் கழித்து ஒரு புதுப் பழக்கம் பிடித்தது. காலையில் அவிழ்த்துவிட்டதும் நேராகச் சகாதேவன் வீட்டு வாசலுக்கு வரும். புல்லைத் தொடாது, தண்ணீரைத் தொடாது. அவரையே உற்றுப் பார்க்கும். ஒரே ஒரு முறை கத்திவிட்டுப் போய்விடும்.

"ஏன் சார் அப்படிப் பண்ணுது?" என்று பாஷா கேட்டார்.

சகாதேவனின் வாய் திறந்தது. "தெரியலை பாய்" என்றார்.

நீங்கள் சொல்லுங்கள், அந்த வாயில்லாத ஜீவன் தினமும் அவர் வாசலில் வந்து எதற்காக... பார்த்தீர்களா, நான் கேட்டு முடிக்கக்கூட இல்லை. அதற்குள் உங்களுக்குக் காரணம் தெரிந்துவிட்டது.