எது சாயம், எது சீக்கு?

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
14-6-1998

மதிப்புக்குரிய மச்சான் ராமலிங்கம் அவர்களுக்கு, தங்கள் தங்கை கங்கையம்மாளின் வீட்டுக்காரன் வீராசாமி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே என் வலது கைக் கட்டைவிரல் நகம் நீங்கலாக எல்லோரும் சுகம். அங்கே தாங்களும், தாங்கள் கம்பவுண்டராக இருக்கும் ஆஸ்பத்திரியின் டாக்டரம்மாவும் சுகமாக இருக்க வேண்டும்.

நகத்தில் கறுப்பாக ஒரு கோடு என்று நான் எழுதியதற்குத் தாங்கள் போட்ட பதில் கிடைத்தது. அடிபட்ட கறுப்பானால் நகம் வளர வளர நுனிக்கு நகர்ந்து போகும், நகராமல் கோடாகவே நின்று அகலமானால் உடனே புறப்பட்டு வா என்று எழுதியிருந்தீர்கள். நல்ல யோசனைதான். ஆனால் தினமும் பட்டுக்குச் சாயம் போடுகிறவன் நகத்தில் எது நகர்ந்தது, எது நின்றது என்று யார் கண்டுபிடிப்பது? இங்கேயே புதிதாக வந்திருக்கும் ஒரு டாக்டரிடம் போனேன். அன்று அரக்குச் சாயம், பத்து நகமும் சிவப்பு. ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார். போனேன், அன்று கிளிப்பச்சை. மனிதர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். போன வாரம் சிவப்பு, இந்த வாரம் பச்சை என்று சீட்டில் எழுதிக்கொண்டு, நகம் நீலமாகி மூச்சும் வாங்கினால் ஒரு நிமிஷம் நிற்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடு என்றார். நானும் எழுந்து நின்றுவிட்டேன். ஏனென்றால் அடுத்த வாரம் எங்களுக்கு மயில்கழுத்து நீலத்துக்கு ஆர்டர். அப்புறம்தான் என் தொழிலைச் சொன்னேன். "இதை முதல்லயே சொல்லக் கூடாதாய்யா?" என்றார். நீங்க கேக்கலியே சார் என்றேன். ஒரு மாதம் சாயத்தில் கை வைக்காமல் வந்து காட்டு என்று அனுப்பிவிட்டார். முகூர்த்தப் பட்டுக்கு ஆர்டர் குவியும் நேரத்தில் ஒரு மாதமா!

சரி, தெருவில் கேட்போம் என்று கேட்டது என் தப்பு. டீக்கடை முனுசாமி, "இது பூஞ்சை வீராசாமி, எனக்குக் கால் நகம் மஞ்சளா தடிச்சுக்கினு இருந்துச்சே, அதேதான்" என்று தான் தடவி மிச்சம் வைத்த களிம்பைக் கொடுத்தான். எதிர் வீட்டு சம்பூர்ணம், "நகத்துல வெள்ளைப் புள்ளி விழுந்தா புதுத்துணி வரும்னுவாங்க, கறுப்புக்கு இன்னா வரும்னு தெரியலியேம்மா" என்று உங்கள் தங்கையிடம் வருத்தப்பட்டது. உங்கள் தங்கையோ, "எங்கியாவது இடிச்சுக்கினு இருப்பே, உனக்கு எது ஞாபகம் இருக்குது?" என்கிறாள். அவ சொல்லச் சொல்ல, இடிச்சுக்காத இடத்துலகூட இடிச்சுக்கின ஞாபகம் வருது மச்சான்.

ஆகவே நன்றாக யோசித்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். இது சாயம்தான். இருபத்தாறு வருஷச் சாயம் உள்ளே இறங்கியிருக்குது, அவ்ளோதான். நான் வரவில்லை. டாக்டரம்மாவிடம் எனக்காகச் சொல்லி வைத்த நேரத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். பயம் என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

வீட்டில் அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஏகாம்பரநாதர் என்றும் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
வீராசாமி

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் உங்கள் தங்கை சோப்பும் பிளேடுமாக வந்து, என் கையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நகமாகச் சுரண்டினாள். ஒன்பது வெளுத்துவிட்டது. கட்டைவிரலில் கோடு அப்படியே இருக்கிறது, பக்கத்துத் தோலிலும் இறங்கியிருக்கிறது. அவள் மாற்றுத்துணி எடுத்து வைக்கிறாள். மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடவும். நாளைக் காலை முதல் பஸ்ஸில் வருகிறோம். தபாலில் போட்டால் எனக்குப் பின்னால்தான் வரும் என்பதால் கடிதத்தைக் கையிலேயே கொண்டு வருகிறேன். எனக்கு ரொம்பப் பயமா இருக்குது மச்சான். டாக்டரம்மா முன்னால் எனக்குப் பேச்சு வராவிட்டால், இதை நீங்களே படித்துக் காட்டவும்.