நடத்தைக் கோளாறு நிபுணரின் நாற்காலி

வாசகரே, பயிற்சி முகாம் நிபுணர் என்றொரு இனம் உண்டு, நீங்களும் பார்த்திருப்பீர்கள். வகுப்பறையை விட்டு வெளியேறிப் பல வருஷம் ஆனவர்தான் வகுப்பறையைப் பற்றிப் பேசத் தகுந்தவர் என்று எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறதல்லவா, அந்தச் சட்டத்தின் செல்லப்பிள்ளை இவர். கஞ்சி போட்ட வேட்டி, கரைத்துண்டு, வாய் நிறைய அடுக்குமொழி. சோடா வராமல் தொண்டை திறக்காது.

கும்பகோணத்துப் பக்கம், தொடக்கப்பள்ளிப் புதுத் தமிழாசிரியர்களுக்கு நடந்த முகாம் ஒன்றில் இந்த இனத்தின் அசல் மாதிரியைக் கண்டேன். பெயர் பஞ்சநதம். தலைப்பு, மாணவரின் நடத்தைக் கோளாறுகள்.

“அடம், அழுகை, அடிதடி, அத்தனையும் அகத்தின் அலறல்! அடிக்காதீர்! அதட்டாதீர்! அன்போடு அணுகுவீர்!”

கைதட்டல். தட்டாமல் என்ன செய்வது? சாப்பாடு இன்னும் வரவில்லையே!

அம்சவல்லி என்ற இளம் ஆசிரியை எழுந்தாள்.

“ஐயா, என் ரெண்டாம் வகுப்புல ராஜாத்தின்னு ஒரு பொண்ணு. ‘தள்ளி உக்காரு’ன்னு யார் சொன்னாலும் கடிச்சிடுது. பண்ணையில அவங்க மனையக் காலி பண்ணச் சொல்லிக் குடிசையப் பிரிச்சுட்டாங்க. அதுலேருந்துதாங்க இப்படி. திங்கக்கெழமை டீ.சி. குடுத்துடுறேங்கிறார் ஹெட்மாஸ்டர். நான் என்ன செய்யட்டுங்க?”

“மண் பிரச்சினை மன்றத்துக்கு! மனப் பிரச்சினை மட்டுமே நமக்கு! உட்காருங்கம்மா, கேள்வியெல்லாம் கடைசியில்.”

அந்தக் கடைசி வருவதற்குள் தஞ்சாவூரிலிருந்து அதிகாரி வந்துவிட்டார். மேடையில் இருந்த ஒரே கைவைத்த நாற்காலியில் பஞ்சநதத்தின் துண்டு கிடந்தது. பள்ளிக்கூடப் பியூன் கண்ணுசாமி துண்டை மடித்து, பக்கத்து ஸ்டூலில் வைத்துவிட்டுப் பணிவாகச் சொன்னான்:

“ஐயா கொஞ்சம் தள்ளி உக்காருங்க.”

அவ்வளவுதான். அடுக்குமொழி போன இடம் தெரியவில்லை.

“யார்றா நீ? துண்டு போட்டிருக்கேன், கண்ணு தெரியல? யாரைத் தள்ளி உக்காரச் சொல்றே?”

ஸ்டூல் உருண்டது, சோடா பாட்டில் உடைந்தது, நிபுணர் மூலையில் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார், பாயசத்துக்குக்கூடத் திரும்பவில்லை. கடைசியில் அதிகாரியே எழுந்து, “நீங்களே இருங்கய்யா” என்று நாற்காலியைக் கொடுத்த பிறகுதான் முகத்தில் சிரிப்பு வந்தது. எல்லோரும் வாயைப் பொத்திச் சிரித்தோம். அம்சவல்லி மட்டும் சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை அவள் வீட்டிலிருந்து ஒரு துண்டு கொண்டு போயிருக்கிறாள். அதைப் பாயில் விரித்து, “இது ராஜாத்தி இடம். யாரும் தள்ளச் சொல்லக் கூடாது, நானுந்தான்” என்றாளாம். பிள்ளை துண்டின் நான்கு முனையையும் இழுத்துச் சரிசெய்துவிட்டு உட்கார்ந்தது. அன்றைக்கு யாரையும் கடிக்கவில்லை. ஹெட்மாஸ்டர், “சரி, பாப்போம்” என்று போய்விட்டார். பிரித்த குடிசைக்கு எந்தத் துண்டைப் போடுவது? அதை எந்த முகாமிலும் சொல்லித் தரவில்லை.

பஞ்சநதத்தைப் பார்த்துச் சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன முகூர்த்த நாளில், பேராவூரணி பஸ்ஸுக்குள் ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்துவிட்டு முண்டியடித்து ஏறினீர்களே, அந்தத் துண்டை நகர்த்திவிட்டு உட்கார்ந்திருந்தவரை என்னென்ன சொன்னீர்கள்? கடிக்கவில்லை, உண்மைதான். ஆனால் உங்களுக்கு யாரும் டீ.சி. கொடுக்கவில்லையே.