சேவியரோடு பேசிக்கொண்டிருந்தபோது

தனியாக இருப்பவர்கள் அதிகம் பேசமாட்டார்கள் என்று பலருக்கு ஒரு நினைப்பு. தவறு. தனியாக இருப்பவன் நாள் முழுக்கப் பேசுவான். எதிரில் ஆள் இருக்காது, அவ்வளவுதான். நான் பால் பாக்கெட்டிடம் வருத்தப்பட்டிருக்கிறேன். மின்விசிறியைக் கெஞ்சியிருக்கிறேன். ஆனால் அப்படிப் பேசப்போய்க் கால் கட்டைவிரலை உடைத்துக்கொண்டு, அதற்கு ஒரு விசாரணையும் நடந்து, பட்டறையே கூடி நின்று வேடிக்கை பார்க்கும்படி ஆனவன், எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

அப்போது எனக்கு முப்பது வயது. அரியமங்கலத்தில் பாய்லருக்கு வேண்டிய இரும்புச் சாமான்கள் செய்கிற ஒரு பட்டறையில் ஸ்டோர்ஸ் பொறுப்பாளனாகச் சேர்ந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. சரக்கறைக்கு ஒரு ஜன்னல். யாராவது வந்து, "வெல்டிங் ராடு ஒரு பாக்கெட்" என்பார்கள். எடுத்துக் கொடுப்பேன். "கையெழுத்து போடுங்க" என்பேன். எங்கள் உரையாடல் இத்துடன் முடியும்.

குடியிருந்தது ஸ்ரீரங்கத்தில், ஒரு வீட்டின் மாடி அறையில். கீழ்வீட்டுத் தம்பதி மகனோடு இருக்க வெளிநாடு போயிருந்தார்கள். பூட்டிய வீட்டின் தலைமேல் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். அப்பா இல்லை. அம்மா திருப்பூரில் அண்ணன் வீட்டில். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காவிரிப் பாலம்வரை நடப்பேன். அங்கே எல்லோரும் குடும்பத்தோடு காற்று வாங்குவார்கள். நான் மட்டும் ஏதோ தொலைத்தவன்போல ஆற்றைப் பார்த்துவிட்டுத் திரும்புவேன். திங்கட்கிழமை காலை பஸ்ஸில் கண்டக்டரிடம் டிக்கெட் கேட்க வாயைத் திறந்தால் தவளைச் சத்தம் வரும். சனிக்கிழமையோடு மூடிய தொண்டை!

பட்டறையில் மதியம் எல்லோரும் கம்ப்ரசர் ஷெட் ஓரம் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நடுநாயகமாக ஃபோர்மேன் சேவியர். பாலக்கரைக்காரர். கனத்த மீசை, அதைவிடக் கனத்த டிபன் கேரியர். அவர் வீட்டு மீன் குழம்பின் வாசனை முதலில் என் ஜன்னலுக்கு வரும். பின்னாலேயே அவர்களுடைய சிரிப்பு வரும். நான் உள்ளே போல்ட் நட்டுகளுக்கு நடுவே தயிர்சாதம் சாப்பிடுவேன். என்னை யாரும் கூப்பிட்டதில்லை. நானும் போய்க் கேட்டதில்லை. கேட்பதில் என்ன கஷ்டம் என்று உங்களுக்குத் தோன்றலாம். (நீங்கள் வட்டத்துக்குள்ளே உட்கார்ந்தே பழகியவராக இருப்பீர்கள்.)

கேட்டுவிடுவது என்று ஒரு கட்டத்தில் முடிவு செய்தேன். ஆனால் ஒத்திகை பார்க்காமல் எப்படிக் கேட்பது? சரக்கறை மூலையில் பழுதான டிரில்லிங் மெஷின் ஒன்று நின்றது. என் உயரம், நல்ல அகலம். அதை சேவியராக நியமித்தேன்.

"அண்ணே, நானும் வந்து உக்காரலாமா?"

கெஞ்சல் அதிகம். வேண்டாம்.

"என்னண்ணே, இன்னிக்கி என்ன குழம்பு?"

நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்ததுபோல இருக்கிறது. அதுவும் வேண்டாம்.

இப்படியே பல மதியங்கள் ஓடின. அந்த மெஷின் என்னைப்போல் பொறுமைசாலி. ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. கடைசியில் எனக்கு ஞானம் பிறந்தது. குறை வார்த்தையில் இல்லை, நிற்கிற தோரணையில் இருக்கிறது! சும்மா அந்தப் பக்கம் போனவன் சும்மா நின்றதுபோல நிற்கவேண்டும். ஒரு கையில் டிபன் பாக்ஸ். இன்னொரு முழங்கையை அலமாரியில் ஊன்றி, காலைக் குறுக்கே போட்டு, கல்யாண ஆல்பத்து மாப்பிள்ளை மாதிரி சாய்ந்துகொண்டு, "அப்பறம் அண்ணே..." என்று ஆரம்பித்தேன்.

அந்த இரும்பு அலமாரி ஆடும். அதைச் சுவரோடு சேர்த்து முடுக்க வேண்டிய பொறுப்பு ஸ்டோர்ஸ்காரனுடையது. (ஆமாம், அடியேன்தான்.) மேல்தட்டில் குழாய்களை இணைக்கிற கனத்த இரும்பு வளையங்கள் இருந்தன. அதில் ஒன்று சாவகாசமாக உருண்டு வந்து என் வலது கால்மேல் இறங்கியது.

நான் போட்ட சத்தத்தில் வட்டம் மொத்தமும் எழுந்து ஓடிவந்தது. அவ்வளவு நாள் ஆசைப்பட்ட கூட்டம் என்னைச் சுற்றி நின்றது; ரசிக்கிற நிலையில்தான் நான் இல்லை. சேவியரும் வெல்டர் ரஃபியும் ஆளுக்கொரு பக்கம் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். அவர்கள் வேலைக்குத் திரும்ப, மேனேஜர் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

"என்னய்யா பண்ணிட்டிருந்த அப்ப?" என்று கேட்டார் மேனேஜர்.

வலியில் உண்மை உருமாறி வெளியே வந்தது. "சேவியர் அண்ணன்கிட்ட பேசிட்டிருந்தேன் சார்."

அவர் அதை அப்படியே விபத்து அறிக்கையில் எழுதி அனுப்பிவிட்டார்.

எங்கள் பட்டறை இ.எஸ்.ஐ.யில் சேர்ந்தது. அதாவது, நம் சம்பளத்தில் ஒரு துளி பிடிப்பார்கள், முதலாளி அதைவிடக் கூடுதலாகப் போடுவார். வேலையில் அடிபட்டால் வைத்தியம் இலவசம். எழுந்து வேலைக்குப் போகும்வரை சம்பளத்தில் பெரும்பகுதி வீடு தேடி வரும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. ஆனால் அடி வேலையினால், வேலை நேரத்தில், வேலை இடத்தில் பட்டிருக்கவேண்டும். இல்லையென்றால் அது சாதாரண உடம்பு சரியில்லாத கணக்கில் போய்விடும். அந்தக் கணக்கில் உதவித்தொகை குறைவு. என்னைப்போல் புதிதாகச் சேர்ந்தவனுக்கு அதற்கான தகுதிக்காலமும் முடிந்திருக்கவில்லை. சுருக்கமாக, ஒரு வார்த்தை பிசகினால் கட்டைவிரலும் போய், வாடகைக்கும் வழி இல்லை.

மாவுக்கட்டோடு மாடி அறையில் கிடந்தேன். பட்டறைக்குப் போனபோது தனிமையாவது நகர்ந்துகொண்டிருந்தது, பஸ்ஸில் காந்தி மார்க்கெட்டைத் தாண்டி, வெங்காய வாசனையைப் பிடித்துக்கொண்டு. இப்போது அது என்னோடு கட்டிலிலேயே படுத்துக்கொண்டது. தெருவில் பெருமாள் புறப்பாடு போனது. நாதஸ்வரச் சத்தம் நெருங்கி வந்து, என் ஜன்னலுக்குக் கீழே நின்று, தூரப் போனது. எழுந்து எட்டிப் பார்ப்பதற்குள் தீவட்டிப் புகைதான் மிச்சம். ஹோட்டலிலிருந்து சாப்பாடு கொண்டுவருகிறவர் படியில் வைத்துவிட்டு மணி அடிப்பார். நான் நொண்டி நொண்டிக் கதவைத் திறப்பதற்குள் போய்விட்டிருப்பார்.

இ.எஸ்.ஐ. டாக்டரிடம் அவ்வப்போது காலைக் காட்டி, இன்னும் ஓய்வு தேவை என்று சான்று வாங்கவேண்டும். மற்றவர்கள் அந்த வரிசையைச் சலித்துக்கொண்டார்கள். நான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். "எப்படி இருக்கு?" என்று டாக்டர் கேட்பார். என்னைப் பார்த்து அப்படிக் கேட்க உலகத்தில் ஒரே ஆள்! கால் பற்றி ஆரம்பித்து, தூக்கம், பக்கத்து வீட்டு நாய், ஸ்ரீரங்கத்து வெயில் என்று விரிவாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கால மட்டும் சொல்லுங்க போதும்" என்றார். வெட்கமாகப் போய்விட்டது.

கட்டுப் பிரிப்பதற்கு முன்பே, விபத்தை விசாரிக்கக் காப்பீட்டு அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி பட்டறைக்கு வருவதாகத் தகவல் வந்தது. நடுத்தர வயது அம்மாள். சிரிப்பைப் பூட்டி வைத்துவிட்டு வந்தவர்போல இருந்தார். நான் ஊன்றுகோலோடு சரக்கறைக்குள் போய் நின்றேன். மற்றவர்கள் வேலை செய்வதுபோல் சுற்றிலும் நின்றார்கள்.

"சம்பவ நேரத்துல நீங்க என்ன செஞ்சுட்டிருந்தீங்க?"

"பேசிட்டிருந்தேன் மேடம்."

"யாருகிட்ட?"

"சேவியர் அண்ணன்கிட்ட."

அவர் சேவியரைப் பார்த்தார். "நீங்கதான் நேர்ல பாத்த சாட்சியா?"

சேவியர் மீசையைத் தடவினார். "இல்லீங்களே மேடம். நான் வெளில சாப்புட்டுட்டிருந்தேன். சத்தம் கேட்டுத்தான் ஓடிவந்தோம். நான் தம்பிகிட்ட அன்னிக்கி பேசவே இல்லீங்க."

அதிகாரியின் பேனா நின்றது. மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையில் பாய்லர் கொதித்தது. பொய்க் கேஸ் என்று எழுதிவிட்டால் எல்லாம் முடிந்தது. வேறு வழியில்லாமல் ஊன்றுகோலைத் தூக்கி மூலையைக் காட்டினேன்.

"அந்த சேவியர், மேடம்."

எல்லோரும் டிரில்லிங் மெஷினைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"மெஷினுக்குப் பேரு சேவியரா?"

"இல்ல மேடம். சாப்பாட்டு நேரத்துல மட்டும்."

"அதுகிட்ட என்ன பேசினீங்க?"

"நானும் உங்களோட உக்காந்து சாப்புடலாமான்னு கேட்டுப் பாத்தேன்."

"அது என்ன சொல்லுச்சு?" என்றார் அந்த அம்மாள், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

"பதில் சொல்றதுக்குள்ள வளையம் விழுந்துடுச்சு மேடம்."

ரஃபிதான் முதலில் வெடித்தார். பிறகு பட்டறையே சிரித்தது. மேனேஜர் கைக்குட்டைக்குள் சிரித்தார். என் காதிலிருந்து புகை வந்திருக்கும். பூமி பிளக்கவில்லை; சிமெண்ட் தரையை அவ்வளவு உறுதியாகப் போட்டிருந்தார்கள். சேவியர் மட்டும் சிரிக்கவில்லை. மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதிகாரி அலமாரியை ஆட்டிப் பார்த்தார். அது தன் புத்தியைக் காட்டியது. சாப்பாட்டு இடைவேளையானாலும் பட்டறைக்குள், வேலை பார்க்கிற அறையில், பட்டறைச் சாமான் விழுந்து பட்ட அடி. வேலைக் காயம்தான் என்று எழுதினார். கிளம்பும்போது என் பக்கம் குனிந்து, "அடுத்த தடவ நேரா மனுஷங்ககிட்டயே கேளுங்க" என்று மெதுவாகச் சொன்னார்.

அந்த ஞாயிறு மாடிப்படியில் பல செருப்புகளின் சத்தம். யாரோ வீடு மாறி வருகிறார்கள் என்று நினைத்தேன். சேவியர், அவர் மனைவி மேரி அக்கா, ரஃபி. கூடவே அந்தப் பெரிய கேரியர்.

உள்ளே வந்ததும் சேவியர் சண்டைக்கு நின்றார். "வாயத் தொறந்து கேட்டா என்னய்யா? நீ ஆபீஸ் ஆளு, கதவச் சாத்திட்டு சாப்புடுற, எங்ககூட உக்கார உனக்குப் புடிக்கலன்னுல்ல நாங்க நெனச்சோம்!"

"ஜன்னல் வழியா மீன் வாசன வருதுன்னு கதவச் சாத்தினீங்களோன்னு இவரு என்னய வேற கொழம்பு மாத்தச் சொன்னாருங்க" என்றார் மேரி அக்கா.

நான் கதவைச் சாத்தியது தனியாகச் சாப்பிடுவதை யாரும் பார்க்கக்கூடாது என்று. அதைச் சொல்ல முயன்றேன். வழக்கம்போலத் தவளைதான் வந்தது. மேரி அக்கா எதுவும் கேட்காமல் தட்டை எங்கே வைத்திருக்கிறேன் என்று தேடினார். வீட்டில் இருந்ததே ஒரு தட்டுதான். பேப்பரை விரித்துத் தரையில் சாப்பிட்டோம். அவர்கள் போனபிறகு அறை முன்னைவிட அமைதியாக இருந்தது. குழம்பு வாசனை இருக்கும்வரை ஜன்னலைத் திறக்காமல் படுத்திருந்தேன்.

கட்டைவிரல் முழுசாக நிமிரவில்லை. மருத்துவக் குழு அதை மடக்கி நிமிர்த்திப் பார்த்து, இத்தனை பங்கு ஊனம் என்று ஒரு சின்ன அளவு குறித்தது. அதற்கொரு சின்னத் தொகை வருகிறது. என் உடம்பில் ஒழுங்காகச் சம்பாதிக்கிற உறுப்பு அதுதான் என்பாள் என் மனைவி.

கல்யாணமாகி, மகளும் பிறந்து, இப்போது வீட்டில் பேச ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் பழக்கம் போகவில்லை. அடுப்படியில் குக்கரிடம் ஏதாவது முறையிட்டுக்கொண்டிருப்பேன். "அப்பா யாருகூட பேசுறாரு?" என்று மனைவி கூடத்திலிருந்து கேட்பாள். "சேவியர்கூட" என்பாள் மகள். எங்கள் வீட்டில் தனக்குத்தானே பேசுவதற்கு அதுதான் பெயர்.

சேவியர் ஓய்வுபெற்றுப் பாலக்கரையில்தான் இருக்கிறார். போன வாரம் அவர் போன் செய்தபோது மகள்தான் எடுத்தாள்.

"நெஜ சேவியரா, மெஷின் சேவியரா?"

அந்தப் பக்கத்துச் சிரிப்பு எனக்கே கேட்டது.

"நெஜ சேவியர்தாம்மா. உங்கப்பா சாப்புட்டாரான்னு கேளு."